கடைசி அத்தியாயத்துக்குக் கிளிப்

நூலகத்தின் தரைத்தளத்தில், சிறுவர் பிரிவின் வாசலில், 'உதவி நூலகர்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அந்தப் பதவியில் இருக்கிறவளை அப்படிச் சொல்லி இதுவரை ஒரு ஜீவன் கூப்பிட்டதில்லை. சனிக்கிழமை மத்தியானம் வந்து குவிகிற பெண் பிள்ளைகளுக்கு அவள் 'கிளிப் மிஸ்'. கேட்டுக் கேட்டு வாசல் காவலாளிக்கும் கிளிப் மிஸ் ஆகிவிட்டாள். பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்குமான பெண்களுக்காக அவள் ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறாள். அங்கே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், அதன் கடைசி அத்தியாயத்தை ஒரு கறுப்புக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பாள்.

சும்மா போடவில்லை. வட்டம் தொடங்கிய புதிதில் ஒரு வாயாடி, புத்தகம் கைக்கு வந்த அன்றைக்கே கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "கடைசில நாய் கெடச்சிடும்டி" என்று எல்லார் காதிலும் ஊதிவிட்டாள். அப்புறம் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது? அந்த மாதக் கூட்டம் உப்புச் சப்பில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. கடைசி அத்தியாயத்தை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. மாதக் கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும்.

வாயாடி அடங்குவாளா? "நீங்க மட்டும் முடிவ படிச்சு வெச்சுக்கிட்டு, நாங்க உளர்றதக் கேட்டு உள்ளுக்குள்ள சிரிப்பீங்க. இது நியாயமா மிஸ்?" என்று கேட்டாள்.

நியாயம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் கிளிப் மிஸ்ஸுக்கு இருப்புக் கொள்ளாது. "சரிடியம்மா, நானும் படிக்கல. போதுமா?" என்று பிள்ளைகள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புத்தகத்தை முழுசாகப் படிக்காமல் கொடுக்கிற நூலகரை எங்கேயாவது பார்த்ததுண்டா? இவள் அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். நியாயம் நியாயம் என்று அலைகிறவர்களோடு எப்போதும் இதுதான் தொல்லை.

வீட்டிலும் அவள் அப்படித்தான். நாற்பதைத் தாண்டிய பிறகு நடந்த கல்யாணம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மனைவியைப் பறிகொடுத்தவர், நல்ல மனிதர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி பேச்சு குறைவு. அவருக்கு ஒரே மகள், குட்டி. இப்போது பதினொரு வயது. "அம்மான்னு கூப்பிடச் சொல்லி அவளை யாரும் வற்புறுத்த வேண்டாம்" என்று முதல் நாளே சொன்னவள் கிளிப் மிஸ்தான். எண்ணம் என்னவோ நல்ல எண்ணம்தான். ஆனால் குட்டி அதைப் பிடித்துக்கொண்டு அவளை எதுவும் சொல்லியே கூப்பிடாமல் இருந்துவிட்டாள். "இங்க பாருங்க" என்பாள். "அப்பா தேடறாரு" என்று கதவைப் பார்த்துச் சொல்வாள். சனிக்கிழமை வட்டத்தில் மட்டும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து "மிஸ்" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், சண்டை போடுவாள், சிரிப்பாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு "மிஸ்"ஸுக்காகவே கிளிப் மிஸ் சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பெரியம்மா நடுவில் வந்தாள். குட்டியைப் பெற்றவளின் அக்கா, வேறு ஊர். பிள்ளைகள் தலையெடுத்துப் போய்விட்டதால் வீடு காலியாகக் கிடந்தது. பரீட்சை முடிந்ததும் குட்டி தன்னிடம் வந்து, அங்கேயே இருந்து படிக்கட்டும் என்று போனில் சொன்னாள். அப்பா, "அவளே முடிவு பண்ணட்டும்" என்று லிஃப்டுக்குள் போகிறவர் மாதிரி கழன்றுகொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் கிளிப் மிஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குட்டி கட்டில் ஓரத்தில் வந்து நின்றாள்.

"நான் பெரியம்மா வீட்டுக்குப் போயிடட்டுமா?"

கிளிப் மிஸ்ஸுக்குப் போகாதே என்று வாய் வரை வந்தது. ஆனால் நேற்று வந்தவள் நான், பெற்றவளின் கூடப் பிறந்தவள் அவள். தடுக்க எனக்கு என்ன உரிமை என்று மனசு வக்கீல் மாதிரி எழுந்து நின்றது.

"உன் இஷ்டம்மா" என்றாள்.

"சரி" என்று குட்டி மடித்திருந்த தன் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். கிளிப் மிஸ் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். போகாதேடி, போகாதேடி என்று சொல்ல வேண்டியதையெல்லாம் குழாயிடம் சொன்னாள். இதை அந்தப் பிள்ளையிடம் சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே வந்திருக்காது.

அந்த மாதம் வட்டத்துக்கு எடுத்த புத்தகத்தில் மொட்டை மாடியில் புறா வளர்க்கிற ஒரு குறும்புக்காரி வந்தாள். அட்டையில் தோளில் புறாவோடு பல்லைக் காட்டிச் சிரிக்கிற படம். அதைப் பார்த்துத்தான் கிளிப் மிஸ் தேர்ந்தெடுத்தாள். கதை முக்கால்வாசி போன பிறகு, அந்தப் பெண்ணின் அம்மா ஏதோ சின்ன ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். கிளிப் மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. குட்டியின் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவள். மேசையில் உட்கார்ந்து ஒரு தடவை கிளிப்பில் கை வைத்தாள். ஒரு புரட்டுப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்; யார் வந்து கேட்கப் போகிறார்கள்? சத்தியம் குறுக்கே நின்றது. அட்டையில் இப்படிச் சிரிக்கிறாளே, நல்லபடியாகத்தான் முடியும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு கையை எடுத்துவிட்டாள்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. மறுநாள் பெரியம்மா போன் செய்வாள், குட்டி பதில் சொல்ல வேண்டும். சிறுவர் பிரிவில் குட்டை நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். கிளிப்பைக் கழற்றுகிற சடங்கை வாயாடிதான் செய்தாள். வாசிப்பதற்கு முன்னால் யார் யார் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு சுற்று. அம்மா வந்துவிடுவாள் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். குட்டி மட்டும், "தெரியல மிஸ்" என்றாள்.

முதல் பக்கத்தை வாயாடி வாசித்தாள். அடுத்தது கண்ணாடிக்காரி. புத்தகம் கை மாறிக் குட்டியிடம் வந்தது. அவள் வாசிக்க வேண்டிய பக்கத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற புறாக்காரி வீட்டு வாசலில் நிறையச் செருப்புகளைப் பார்க்கிறாள். குட்டியின் குரல் கொஞ்சம் மெதுவானது.

கிளிப் மிஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. "குட்டி, போதும். குடு, மிச்சத்த நான் வாசிக்கிறேன்" என்று எழுந்து கை நீட்டினாள்.

"இது என் பக்கம் மிஸ்" என்றாள் குட்டி. "ஆளுக்கொரு பக்கம்தானே சட்டம்?"

வாசித்தாள். ஒரு வரி விடாமல், தடுமாறாமல், அந்த அம்மா செத்துப்போனதை வாசித்து முடித்துப் புத்தகத்தைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் எங்கே வாசிக்க? வாயாடி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். என்ன சத்தம் என்று காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, அடியில்லை ரத்தமில்லை என்று தெரிந்ததும் போய்விட்டார். கிளிப் மிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். பாழாய்ப் போன சட்டம், பாழாய்ப் போன சத்தியம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

கண் கலங்காமல் இருந்தது குட்டி ஒருத்திதான். "இதுல ஒண்ணு மட்டும் சரியா எழுதியிருக்காங்க மிஸ்" என்றாள்.

"என்னம்மா?"

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்ப அவ நானும் வரட்டுமான்னு கேக்கறா. அம்மா, ஒண்ணும் வேணாம், போய்ப் புறாவுக்குத் தீனி போடுன்னு திட்டறாங்க. எங்கம்மாவும் அப்படித்தான். எது கேட்டாலும் திட்டும். வெளையாடப் போகட்டுமான்னா திட்டும். பிரெண்டு வீட்ல தங்கட்டுமான்னா, காலை ஒடிப்பேன்னு சொல்லும்." கொஞ்ச நேரம் கிளிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "உன் இஷ்டம்னு மட்டும் எங்கம்மா ஒருநாளும் சொன்னதில்ல."

மற்றப் பிள்ளைகளுக்கு அது சும்மா ஒரு பேச்சு. கிளிப் மிஸ்ஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நியாயமாக நடக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்றல்லவா அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மிச்சப் பக்கங்களை யார் வாசித்தார்கள், என்ன வாசித்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

மற்றப் பிள்ளைகள் போன பிறகு கிளிப் மிஸ்ஸும் குட்டியும் நாற்காலிகளை அடுக்கினார்கள். விளக்கை அணைத்து, பூட்டி, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் கிளிப் மிஸ் சொல்லிவிட்டாள். எப்படித் தொடங்குவது என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"நீ போகக் கூடாது குட்டி. அன்னைக்கு நான் சொன்னது பொய். எனக்கு உரிமை இருக்கோ இல்லையோ, நான் விட மாட்டேன். நீ இல்லாத வீட்டுல என்னால இருக்க முடியாது."

ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. அது அவர்களுடைய பஸ்தான், இருவரும் ஏறவில்லை.

"அப்ப நீங்களே பெரியம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள் குட்டி கடைசியில். "எனக்கு பயம். கத்துவாங்க."

பெரியம்மாவின் தொண்டை ஊரறிந்த தொண்டை. அவள் போனில் பேசினால் பக்கத்து அறைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. மறுநாள் வரை காத்திருந்தால் தைரியம் தண்ணீராகிவிடும் என்று கிளிப் மிஸ் வீட்டுக்குப் போன கையோடு, செருப்பைக்கூடச் சரியாக விடாமல், கூடத்தில் நின்றே போன் செய்தாள். குட்டி பக்கத்திலேயே நின்றாள். அப்பா சமையலறைக்குள் பதுங்கிக்கொண்டார்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. குட்டிய நான் அனுப்ப மாட்டேன்."

அந்தப் பக்கம் வெடித்தது.

"இத்தன நாளா எங்கடி போச்சு இந்த வாய்? நான் கூப்பிட்டப்ப, கேட்டுச் சொல்றேன்னுச்சு புள்ள. கேட்டுட்டு போன் பண்ணி, 'உன் இஷ்டம்னு சொல்லிட்டாங்க பெரியம்மா, அவங்களுக்கு நான் வேணாம்'னு ஒரே அழுகை. அன்னைக்கே பஸ் ஏறி வந்து உன்ன நாலு கேள்வி கேட்டிருக்கணும். இப்பவாவது திறந்தியே, மகராசி!"

கிளிப் மிஸ்ஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. திட்டு இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"சரி, லீவுக்காவது அனுப்புவியா? இல்ல அதுவும் கெடையாதா?" என்று பெரியம்மா இறங்கி வந்தாள்.

கிளிப் மிஸ் திரும்பிக் குட்டியைப் பார்த்தாள். பழைய வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"ஒரு வாரம் அனுப்பறேன் அக்கா. அதுக்கு மேல ஒரு நாள்கூட விட மாட்டேன்."

"ஒரு வாரம்தானா?" என்று குட்டி பக்கத்திலிருந்து துள்ளினாள். "அங்க போறதுக்கே ஒரு நாள் ஆயிடும். பத்து நாள்!"

"ஒரு வாரம்னா ஒரு வாரம்தான். பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாத. போ, போய்க் கை கால் கழுவு!"

குட்டி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவள் சொல்வது கூடம் வரை கேட்டது.

"அப்பா, என்னைத் திட்டறாங்கப்பா!"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.