ஆயுதபூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

எங்கள் அலுவலகத்தில் நான் ஒரு மின்விசிறி கேட்டு, கேட்டு, அலுத்துப்போயிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. அது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதற்குத் தனி அறை தடுத்து ஏ.சி.யே போட்டுவிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும். காரைக்காலில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். என்னைப் புதுச்சேரிக்குப் பயிற்சிக்கு அனுப்பி, டைப்பிஸ்டாக இருந்தவளைக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஆக்கினார்கள். சம்பளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மீனவர்களுக்கான உதவிகளைக் கவனிக்கும் அலுவலகம் அது. நிவாரணம், வீட்டுக்கடன், படகு–வலை என்று மூன்று பிரிவுகள். மூன்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர், அதற்குள் ஒரே ஹார்ட் டிஸ்க். ஒரு பீரோவில் மூன்று குடும்பம் துணி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தோம். இவர் துணிமேல் அவர் துணி விழும். இடம் போதவில்லை என்று தினமும் ஒரு சண்டை வரும்.

எங்கள் ஆபீசருக்கு அந்த மெஷின்மேல் பெருமை தாங்காது. வந்த முதல் வாரமே கார்பன் தாளை நிறுத்திவிட்டார். "அதான் உள்ள இருக்கே, அப்புறம் எதுக்கும்மா காப்பி? வேணும்னா ஒரு பட்டனத் தட்டினா வந்துட்டுப் போவுது" என்றார். மூலப் பிரதி ஒன்று மேலே போகும், உள்ளே ஒன்று இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என் நம்பிக்கையை யார் கேட்டார்கள்?

அந்த வருஷம் ஆடி மாதத்தில் கிளிஞ்சல்மேட்டிலிருந்து போன ஒரு படகு கவிழ்ந்தது. அதில் இரண்டே பேர். ஒருவர் வயதானவர். மற்றவன் சிறுவயசுக்காரன், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ளவன். பெரியவரை வேறொரு படகு தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தது. சின்னவன் கிடைக்கவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. உடல் இல்லையென்றால் ஏழு வருஷம் காத்திருந்த பிறகுதான் ஒருவன் இறந்ததாகச் சட்டம் ஒத்துக்கொள்ளும். அதுவரை சான்றிதழ் இல்லை, நிவாரணம் இல்லை. கண்ணால் பார்த்தவர் வாக்குமூலம் இருந்தால் அரசாங்கம் அதற்கு முன்னாலேயே யோசிக்கலாம். அதனால் அந்தப் பெரியவரை வரவழைத்து ஆபீசர் விசாரித்தார். அவர் தமிழில் சொல்ல, ஆபீசர் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல, நான் அடித்தேன். பெரியவர் கைநாட்டு வைத்தார். அது புதுச்சேரியில் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று.

பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, ஆவணி முடிவதற்குள் அவரும் போய்ச்சேர்ந்தார். அதற்கப்புறம் மேலேயிருந்து ஒரு கடிதம் வந்தது. வாக்குமூலம் வந்து சேரவில்லை, நகல் அனுப்பவும். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பதறவில்லை. உள்ளேதான் இருக்கிறதே, பூஜை விடுமுறை முடிந்து அச்சடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆயுதபூஜைக்கு எங்கள் அலுவலகம் ஒரு கல்யாண வீடுதான். விடுமுறைக்கு முந்தின நாள் காலையிலிருந்து மேஜைகளை இழுத்துப்போட்டுக் கழுவுவார்கள். பழைய காகிதத்தைக் கிழித்துக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்கு மாதா கோவிலுக்குப் போகிறவள். ஆனால் பொரி கடலை பொட்டலம் போடுவதும் கதம்பம் வாங்கி வருவதும் என் பொறுப்பு. வருஷா வருஷம் அப்படித்தான்.

நிவாரணப் பிரிவின் மூத்த உதவியாளர் நெடுங்காட்டிலிருந்து சைக்கிளில் வருவார். நிலம் வைத்திருந்த வீட்டுக்காரர். செதுக்கின வரப்பு மாதிரி அவர் மேஜை இருக்கும். அன்றைக்கு அவர் தன் மேஜையைத் துடைத்தார், அலமாரியைத் துடைத்தார், ஸ்டாம்பு பேடைக்கூடத் துடைத்தார். நான் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டரையும் துடைத்துவிட்டார். வெளியே துணியால் துடைத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். உள்ளே துடைத்திருக்கிறார். அழிக்கும் கட்டளையை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் பிரிவில் அனுப்பி முடித்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அழித்துவிட்டு, மெஷினை அணைத்து, திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். நான் வாங்கி வந்த கதம்பத்தை நானே அதன்மேல் சாத்தினேன். எனக்கு எதுவும் தெரியாது. பூசணிக்காய் உடைத்து, பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்து திறந்த அன்று காலையிலேயே காணாமல்போனவனின் மனைவி வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மீன் கூடையைச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"கொழுந்தன் வாங்கியாரச் சொன்னாரு அக்கா. பெரியவரு எழுதிக்குடுத்த பேப்பரு."

"மேலதான் அனுப்பணும்மா. ஒரு காப்பி உனக்கும் தரேன். இரு" என்றேன்.

"குடுங்க. புள்ளைங்களுக்கு ஆவும். ஆனா அவரு அக்கரையில, சிலோன் ஜெயில்லதான் இருக்காரு. காத்து அடிச்சா அங்கதானே ஒதுக்கும்? போன வருசம் பட்டினச்சேரி ஆளு ஒருத்தரு அப்படித்தான் திரும்பி வந்தாரு. இவரும் வந்தா பேப்பரத் திருப்பிக் குடுத்துடுறேன்."

எந்தக் கலக்கமும் இல்லாமல், இரவல் வாங்கும் பாத்திரத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் மெஷினைப் போட்டேன். நிவாரணப் பிரிவு காலியாக இருந்தது.

மூத்தவர் பின்னாலேயே வந்து நின்றார். "எடம் பண்ணி வச்சிருக்கேன் பாத்தியாம்மா? இனிமே யாரும் டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு நம்மள சொல்ல முடியாது."

நான் கத்திவிட்டேன். வயதில் மூத்தவர், என் அப்பாவைத் தெரிந்தவர், எதையும் பார்க்கவில்லை. "குப்பையக் கூட்டச் சொன்னா வீட்டையே கூட்டித் தள்ளிட்டீங்களே சார்!"

"அனுப்பிச்ச கடுதாசிதானேம்மா… அத எதுக்கு வச்சிருக்கணும்னு…" அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் பெண் பெஞ்சில் இருப்பதைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிற்று. அவரும் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்.

மெஷினைப் பொருத்திய நாளில் புதுச்சேரியிலிருந்து வந்த சர்வீஸ்காரர் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருந்தார். அழித்தாலும் உடனே போய்விடாது. பெயரின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு, இந்த இடம் காலி என்று அது குறித்துக்கொள்ளும். எழுதியது அப்படியே கிடக்கும். ஆனால் அதற்குமேல் யாராவது புதிதாக எதையாவது அடித்துச் சேமித்தால் பழையது தொலைந்தது. அது நினைவுக்கு வந்ததும் மெஷினை அப்படியே அணைத்துவிட்டு அவருக்கு டிரங்க் கால் போட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். "யாரையும் தொட விடாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

அழித்த பிறகு அந்த மெஷினில் ஒரு எழுத்துகூட யாரும் அடிக்கவில்லை. பூஜையில் வைத்த பொருளை எடுத்து வேலை செய்யக்கூடாது என்று விடுமுறை முழுக்க அது பொட்டும் பூவுமாகச் சும்மா கிடந்திருக்கிறது. அழித்தது பூஜை என்றால் காப்பாற்றி வைத்ததும் அதுதான்.

ஆனால் அன்றைய பகலைத் தள்ள வேண்டுமே! படகுப் பிரிவுக்காரர் அவசரப் பட்டியலோடு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னால் ஆபீசர் காதுக்குப் போகும், மூத்தவரைக் கிழித்துவிடுவார். நான் வாடிப்போன கதம்பத்தை எடுத்துத் திரைமேல் சரியாகச் சாத்தினேன்.

"மாலை இருக்கு சார். இன்னிக்கு எடுக்கக்கூடாது."

"நீங்க எப்பலேந்தும்மா இந்தச் சாமியெல்லாம்?" என்று அவர் சிரித்தார்.

"நல்ல நேரம் நாளைக்குத்தான் சார். நான்தான் பாத்துச் சொன்னேன்" என்றார் மூத்தவர். பஞ்சாங்கத்தைப் பற்றி அவர் பொய் சொன்னது ஆயுளில் அது ஒருமுறையாகத்தான் இருக்கும். அன்று முழுக்க அறை வாசலில் நாற்காலியைப் போட்டு அவரே உட்கார்ந்துகொண்டார். சாப்பிடவும் போகவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் மத்தியானத்துக்குள் போய்விட்டது.

அந்தப் பெண்ணை நாளைக்கு வரச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நாளைக்கு என்ற வார்த்தை அவளுக்குப் பழகியிருந்தது.

மறுநாள் சர்வீஸ்காரர் வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம், சிடுசிடுப்பாக இருந்தார். கொண்டுவந்த ஃபிளாப்பியைப் போட்டதும் திரையில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. மூத்தவர் அதைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"இதுதான்" என்று காட்டினேன்.

"முத எழுத்து என்ன?"

சொன்னேன். எந்த எழுத்தைப் போட்டாலும் வரும் என்றார் அவர். அதற்காகத் தப்பான எழுத்தைப் போட முடியுமா?

வந்தது. ஒரு வரி சிதையாமல் முழுசாக வந்தது. மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். மெஷினையா, சர்வீஸ்காரரையா என்று தெரியவில்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பிரிண்டர் கரகரவென்று அடித்து முடித்ததும் தாளைக் கிழித்துக்கொண்டு ஓடிப்போய் ஆபீசரிடம் கையெழுத்து வாங்கி, சிரித்த முகத்தோடு பெஞ்சுக்கு வந்தேன். "கிடைச்சிடுச்சும்மா!" என்றேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது. அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"இங்கிலீசுல இருக்கு. படிச்சுச் சொல்லுங்க அக்கா."

பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். படகு கவிழ்ந்தது. இருவரும் நீரில் விழுந்தனர். மேற்படி நபர் சிறிது நேரம் நீந்தினார். மேற்படி நபர் நீரில் மூழ்கியதைச் சாட்சி கண்டார். அதன்பின் மேற்படி நபர் காணப்படவில்லை.

"மேற்படி நபருன்னா?"

"உன் வீட்டுக்காரர்தான்மா."

"இது யாருக்கு வேணாலும் எழுதலாமே அக்கா" என்றாள். "பெரியவரு இவ்வளவுதான் சொன்னாரா? நான் அவரப் போய்ப் பாக்கவே இல்ல. தனியா வந்தாரேன்னு ஒரு ஆத்திரம். அப்புறம் அவரும் இல்ல."

இவ்வளவுதான் சொன்னாரா என்றால், இல்லை. பெரியவர் அன்றைக்கு வெகுநேரம் பேசினார், அழுதார், திரும்பத் திரும்பப் பேசினார். ஆபீசர் அதில் ஐந்தில் ஒன்றை எடுத்து ஆங்கிலத்தில் சொன்னார். நடுவில் நான் நிமிர்ந்து பார்த்தபோது, "அதெல்லாம் வேணாம்மா, விஷயத்த மட்டும் அடி" என்றார். அவர்மேல் தப்பில்லை, அரசாங்கத்துக்கு விஷயம் போதும். ஆனால் அடிக்காததை எந்த ஃபிளாப்பி போட்டு எடுப்பது? அது இப்போது என்னிடம் மட்டும்தான் இருந்தது. சொன்னால் இவள் என்ன ஆவாள் என்று பயமாக இருந்தது. சொல்லாமல் இருக்கவும் எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

"தண்ணி கேன் ஒண்ணுதான் மிதந்துச்சாம். அத உன் வீட்டுக்காரர் பெரியவர்கிட்ட தள்ளி விட்டாராம். 'நீ புடிச்சுக்க மாமா, நான் நீந்துவேன்'னு சொன்னாராம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டேதான் கெடந்திருக்காங்க. அப்ப உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாராம்…" எனக்கே அது சொல்லத் தகுந்த விஷயமா என்று சந்தேகமாக இருந்தது. "வெளக்குக்கு ஊத்தறப்ப மண்ணெண்ணெய் டின்ன மூடாம வந்துட்டேன், புள்ளைங்க தட்டி விட்டுடப் போவுது, அவகிட்ட சொல்லுன்னு சொன்னாராம்."

எதிரே மூத்தவர் அவளுக்கென்று வாங்கி வந்த டீயைக் கையில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்குக் காலையில டின்னு தொறந்துதான் கெடந்துச்சு" என்றாள். "அவரத் திட்டிக்கிட்டேதான் மூடுனேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அது அவருதான் அக்கா."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.