எல்லாம் உண்டு

சங்கரலிங்கம் அனந்தலக்ஷ்மி டீச்சருக்கு எட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். மாற்றுவேட்டிகூட இல்லாமல் மலையாள நாட்டு மட்டாஞ்சேரிக்கு வந்து, மூன்றாம் வகுப்புப் படிப்போடு சொந்தக் காய்கறிக் கடை போட்டவர். வட்டிக்காரன் நிழலைக்கூடக் கடையில் விழவிடாதவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் தலையில் அந்த ஒரு கடன் மட்டும் ஏறிக்கொண்டது.

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டிய வருஷம். மகள் பொன்மணி எட்டாம் வகுப்பு. பாடமெல்லாம் இனி போனில்தான் என்றதும், வகுப்பு டீச்சரான அனந்தலக்ஷ்மி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு விசாரித்தார். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியே வாங்கிக் கொடுப்பதாக ஏற்பாடு.

"வீட்டுல ஸ்மார்ட் போன் உண்டோ?"

சங்கரலிங்கத்தின் காதில் இருந்தது பட்டன் போன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் அல்ல அது.

"எல்லாம் உண்டு டீச்சரம்மா. நம்ம வீட்டுல எதுக்குக் குறைச்சல்?"

பொன்மணிக்கு வரவேண்டிய போன் சுள்ளிக்கல்லில் வேறொரு பிள்ளைக்குப் போனது.

வகுப்பில் பொன்மணியைக் காணவே காணோம் என்று டீச்சர் முகக்கவசத்தோடு கடைக்கே வந்தார். விஷயம் தெரிந்ததும் கைப்பையைத் திறந்தார்.

"தானம் வாங்குற குடும்பமில்ல நாங்க."

"கடனா வெச்சுக்கோங்கோ. அவ பத்தாவது பாஸ் பண்ணினப்புறம் தந்தா போறும்."

போன் வந்தது. கூடவே சங்கரலிங்கத்துக்கு ஒரு யோசனையும் வந்தது. ஊரடங்கில் பாலம் தாண்டித் தேவரா வரைக்கும் வீட்டுக்கே காய்கறி அனுப்பலாம், ஆர்டர் வாட்ஸாப்பில். மட்டாஞ்சேரியிலேயே அந்தப் புத்தி முதலில் வந்தது தனக்குத்தான் என்று இன்றைக்கும் சொல்வார். ஆர்டர் வருவது காலையில். வகுப்பும் காலையில்.

"அப்பா, போன் தா. கணக்கு கிளாஸ் தொடங்கியாச்சு."

"ராத்திரி பாத்துக்கிடலாம்டி. பாடம் எங்க ஓடிரப்போவுது?"

பெற்றோர் கூட்டமும் போனில்தான். டீச்சர் பேசப் பேச, போனைச் சாக்கின்மேல் கவிழ்த்துவிட்டு முருங்கைக்காய் கட்டினார். ஒரு ஷட்டர் கடை இரண்டு ஷட்டரானது.

பள்ளி திறந்தது. எல்லாரையும்போல அவளையும் மேல்வகுப்பில் ஏற்றிவிட்டார்கள். பலகையில் எழுதியது எதுவும் பிடிபடவில்லை, கேட்கவும் கூச்சம். ஒன்பதாவதின் பாதியில் பையைக் கடைப் பரணில் போட்டாள்.

"விடு. நான் என்ன படிச்சா ஆளானேன்?" என்று சங்கரலிங்கமே தேற்றினார். பத்தாவது பாஸ் என்பதும் வரவில்லை. கல்லா நிறையப் பணமிருந்தும் கடன் அப்படியே நின்றது.

போன மாதம் டீச்சர் ஓய்வுபெற்று, பாலக்காடு போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். சங்கரலிங்கம் கல்லாவைத் திறந்து நோட்டுகளை உருவினார். அன்றைக்கும் கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"சங்கரலிங்கம் யாருக்கும் பாக்கி வெச்சதில்ல டீச்சரம்மா."

"நான் காசுக்கு வரலை. பொன்மணியைப் பாக்க வந்தேன். அவ பாஸ் பண்ணட்டும்னுதானே சொன்னேன்?"

வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த பொன்மணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பா கையிலிருந்து நோட்டுகளை வாங்கினாள்.

"கொண்டா, நான் எண்ணுதேன்" என்றார் சங்கரலிங்கம்.

"வேண்டா. இந்தக் கணக்கு எனக்கு வரும். கடையில படிச்சதாக்கும்."

யாரோ ஒருவர் சிரித்தார்.

மடங்கியிருந்த டீச்சரின் விரல்களைப் பொன்மணியே விரித்தாள். ஒந்நு, ரண்டு, மூந்நு என்று மலையாளத்தில் எண்ணி, ஐந்நூறு ஐந்நூறாக அந்த உள்ளங்கையில் வைத்துக்கொண்டே போய், பதினாறில் நிறுத்தினாள்.