சீட் கவர்க்காரர் தைத்த விரிப்பு

கார்களுக்கு ரெக்சின் சீட் கவர் தைப்பவர் அவர். ஏழு வயது மகள் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவாள். அதற்காக ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போக அவளுக்குக் கொள்ளை ஆசை. பயம் அதைவிடப் பெரிது.

"அத்தை பையனுக்குத் தெரிஞ்சா கிண்டல் பண்ணியே கொன்னுடுவான்ப்பா."

"யாருக்கும் தெரியாம அப்பா பாத்துக்கறேன்டா கண்ணு."

மேலே பூப்போட்ட துணியும் அடியில் மெல்லிய ரெக்சினுமாக ஒரு விரிப்பை மூன்று நாள் உட்கார்ந்து தைத்தார். ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. எவர் பார்த்தாலும் சாதாரண விரிப்பு என்றுதான் சொல்வார்கள். மகளை நிம்மதியாக அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலையில் தங்கை போன் செய்தாள்.

"ஏண்ணா, பிள்ளையோட விரிப்புல 'ஒரு சொட்டு இறங்காது, மூன்று வருட உத்தரவாதம்'னு உன் கடை லேபிள் இருக்கே?"

இருபது வருடம் பழகிய கை, கடைசித் தையலோடு லேபிளையும் வைத்துத் தைத்திருக்கிறது!

"பையன் பாத்துட்டானா?"

"அவன்தான் முதல்ல பாத்தான்."

"ரொம்பச் சிரிச்சானா?"

தங்கை குரலைத் தாழ்த்தினாள். "எங்க சிரிக்கறது? அவனுக்கும் ஒண்ணு வேணுமாம். லேபிள் மட்டும் வேண்டாம்னு மாமாகிட்டச் சொல்லச் சொன்னான்."