ஞானபூரணி டீச்சரின் ஒரே மாணவன்

ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே பார்வையில் உட்காரவைக்கும் ஞானபூரணி டீச்சரால், வீட்டில் ஒரே ஒருவனை எழுதவைக்க முடியவில்லை. இத்தனைக்கும் அவன் எழுந்து ஓட முடியாதவன். இடது தொடை எலும்பு உடைந்து கட்டிலில் கிடந்தான்.

அவன் பெயர் ஜெபசுந்தர், டீச்சரின் மகன். தீபாவளி முடிந்த வாரம், அப்பாவின் லோடு ஆட்டோவில் அட்டைக் கட்டுகளின் உச்சியில் உட்கார்ந்து வந்தவன், அச்சங்குளம் திருப்பத்தில் கட்டோடு கட்டாகக் கீழே விழுந்தான். அட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. ஆறாம் வகுப்பின் பெரும்பகுதி போயே போய்விட்டது.

அப்பா ராஜசிங் டப்பா ஏஜென்ட். சிவகாசி அச்சகங்களிலிருந்து பட்டாசு டப்பாக்களுக்கான அட்டைகளையும் லேபிள்களையும் கொண்டுவந்து எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொடுப்பார். பெண்கள் மடித்து ஒட்டிக் கொடுப்பார்கள். எத்தனை டப்பாவோ அத்தனைக்குக் கூலி. வீட்டில் ஒரு ஏஜென்டும் ஒரு டீச்சரும் இருந்தால் பிள்ளை யார் மாதிரி வருவான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

டீச்சர் சம்பளமில்லா விடுப்பு எடுத்து மகனுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தினார். அவர் வேலை பார்த்த தனியார் பள்ளியில்தான் அவனும் படித்தான். தலைமை ஆசிரியை சலுகை எதுவும் காட்டவில்லை. ஜூனில் ஒரு தேர்வு வைப்பேன், தேறினால் ஏழாம் வகுப்பு, இல்லையென்றால் மறுபடியும் ஆறாம் வகுப்பு என்று சொல்லிவிட்டார். அந்த ஆறாம் வகுப்புக்குத்தான் அவன் தங்கை ஜெனிட்டாவும் வரப்போகிறாள். தங்கையோடு ஒரே வகுப்பில் உட்காருவதைவிட இன்னொரு கால் உடைந்தாலும் பரவாயில்லை என்பது ஜெபசுந்தரின் கருத்து. ஆனாலும் கணக்குப் போட மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்று அரசு விதி இருப்பதை டீச்சரிடம் நினைவூட்டினேன். எதிர்வீட்டுக்காரனுக்கு அந்த உரிமை உண்டு.

"விதிய வச்சுப் பாசாக்கிரலாம் சார். ஏழாங்கிளாஸ் கணக்க விதியா வந்து போடும்?" என்றார்.

டீச்சரின் கஷ்டம் வேறு. பள்ளியில் அவருக்கு ஒரு மர ஸ்கேல் உண்டு. அதன் புகழ் சாத்தூர் வரை பரவியிருந்தது. ஆனால் மகன் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன அன்று, இவனை இனி அடிக்கமாட்டேன் என்று ஆண்டவரிடம் ஜெபத்தில் சொல்லிவிட்டார். பையன் நல்லபடியாக வெளியே வந்துவிட்டான். கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. அடி இல்லாமல் படிக்கவைப்பது எப்படி என்று, பல வருட அனுபவத்துக்குப் பிறகு, முதல் தடவையாக அவர் யோசிக்க வேண்டியதாயிற்று.

யோசித்துக் கண்டுபிடித்தது காராச்சேவு. ஒரு பக்கம் கணக்குப் போட்டால் ஒரு கிண்ணம் சேவு. கணக்குத் தாள்கள் அவனிடமே இருக்கும், நேரம் அவன் இஷ்டம், கூடவே உட்கார்ந்து நச்சரிக்க மாட்டார். அடிக்கிறவர்கள் அடிப்பதை விட்டால் எதிர்ப்பக்கம் அம்புட்டு தூரம் போய்விடுவார்கள்.

பலன் உடனே தெரிந்தது. முதல் வாரம் இரண்டு பக்கம் போட்டவன், மூன்றாம் வாரம் தீபாவளி நெருங்கும்போது பட்டாசுக் கம்பெனி செய்கிற மாதிரி உற்பத்தி செய்தான். கையெழுத்து பக்கத்துக்குப் பக்கம் மாறியது உண்மைதான். படுத்துக்கொண்டு எழுதினால் எழுத்து அப்படித்தான் போகும் என்று டீச்சர் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை, சபைப் பெண்கள் கூட்டம் சீக்கிரம் முடிந்து வந்தவர், சந்துப்பக்கம் ஜன்னலடியில் பேச்சுக்குரல் கேட்டு நின்றார். எங்கள் தெருவில் டப்பா ஒட்டும் வள்ளித்தாயின் மகள் ஓவியா, ஐந்தாம் வகுப்புக்காரி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபசுந்தரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து வரைக்கும் பக்கத்துக்கு ஒரு கை சேவு குடுத்தீகல்ல? இன்னைக்கு என்னண்ணே அரைக் கை?"

"இப்ப சீசன் இல்ல பிள்ள. இஷ்டம்னா போடு, இல்லைன்னா காளிராஜ் போடுவான். அவன் வகுத்தலும் சேத்துப் போட்டுத் தாரான்."

உள்ளேயிருந்து கேட்ட குரல் மகனுடையது, பேச்சு புருஷனுடையது. கால் ஒன்று உடைந்த பையனுக்குக் கணக்குப் போட்டுத் தர, தெருப்பிள்ளைகளின் ஏழு ஜோடிக் கை இருந்தது. தாய் கொடுத்த சேவில் பாதியைக் கூலியாகக் கொடுத்துவிட்டு மீதியை இவன் தின்றிருக்கிறான். எல்லாம் அவன் அப்பா செய்வது போலவே, ஒழுங்காக, நாணயமாக.

டீச்சர் உள்ளே போய் மகனை ஒன்றும் கேட்கவில்லை. ராஜசிங் வந்ததும் அவரிடம்தான் நடந்ததைச் சொன்னார். ராஜசிங் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. ஜூன்ல பரீட்சைக்கு ஏழு பேரையும் லோடு ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டுப் போவீகளா?"

ராஜசிங்குக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் வேறொன்று கேட்டார். ஒட்டிக் கொடுத்த டப்பா பிரிந்துபோய்க் கம்பெனிக்காரன் ரிட்டன் அனுப்பினால் யார் பொறுப்பு? ஒட்டின பெண்ணா?

"ஏஜென்டுதான் பூரணி. நாந்தானே பாத்து வாங்கணும்? ரிட்டன் வந்தா நாந்தான் சரிபண்ணிக் குடுக்கணும்."

மறுநாளிலிருந்து சட்டம் மாறியது. ஏழு பிள்ளைகளும் ஜன்னலில் தொங்க வேண்டாம், வாசல் வழியாக உள்ளே வரலாம். கணக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் ஏஜென்ட் ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தப்பான கணக்கு ஒன்று டீச்சர் கைக்கு வந்தாலும் அந்தக் கட்டு முழுவதும் ரிட்டன். யாருக்கும் சேவு இல்லை. எந்தக் கணக்கு தப்பு என்பதை டீச்சர் சொல்லமாட்டார்.

முதல் மூன்று நாள் ஊர் பட்டினி. தொழிலாளர்கள் ஏஜென்டை ஏசினார்கள். காளிராஜ் அவனைப் பார்த்து, "ஏலே, ஒனக்கே தெரியாம எதுக்குலே ஆர்டர் எடுத்த?" என்று கேட்டது என் வாசல் வரை கேட்டது. தங்கையோடு உட்காரப் போகிறோம் என்ற பயத்தால் ஆகாதது, இந்த ஏச்சால் ஆயிற்று. ஜெபசுந்தர் புத்தகத்தைத் திறந்தான்.

நான் நேரில் பார்த்தது நான்காம் நாள். மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்ன கணக்குக்கு ஓவியா ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே மூன்றும் நான்கும் ஏழு. ஜெபசுந்தர் கையெழுத்துப் போட்டான். கட்டு ரிட்டன் வந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பார்த்து மறுபடியும் அனுப்பினான். மறுபடியும் ரிட்டன்.

"இதுல எதும்மா தப்பு?"

டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். விடை அந்த உதட்டுக்குள் இருந்தது. பிள்ளைக்கு விடை சொல்வது அவருக்குத் தொழில். சொல்லாமல் இருப்பதை அவர் எங்கே படித்தார் என்று தெரியவில்லை. மடித்த சேலையையே பிரித்து மறுபடியும் மடித்தார். அந்த மௌனத்தின் முன்னால், புகழ்பெற்ற அந்த ஸ்கேல் எனக்கு மிகச் சின்னதாகத் தெரிந்தது.

ஓவியாவின் கணக்கில் வந்து நின்ற பையன், கட்டிலுக்கு அடியில் கிடந்த லேபிள் தாள் ஒன்றை எடுத்தான். ஒரு தாளில் பன்னிரண்டு லேபிள் அச்சாகியிருக்கும். நீளவாக்கில் மூன்று வரிசை, குறுக்கே நான்கு. அதையே வெறித்துப் பார்த்தான். மூன்றில் ஒரு பங்கு என்றால் நீளவாக்கில் ஒரு வரிசை: நான்கு லேபிள். நான்கில் ஒரு பங்கு என்றால் குறுக்கே ஒரு வரிசை: மூன்று லேபிள். விரல் வைத்து எண்ணினான். பன்னிரண்டுக்கு ஏழு.

"ஏ ஓவியா, ஏழு சரிதான் பிள்ள. அது மேல இருக்க வேண்டியது. நீ கீழ போட்டுட்ட."

"நீங்களுந்தானண்ணே பாத்துக் கையெழுத்துப் போட்டீக?"

தன் கையெழுத்தை அவனே அடித்தான். டீச்சர் அந்தச் சேலையைப் பீரோவில் வைக்க எழுந்து போனார். நெடுநேரம் திரும்பி வரவில்லை.

ஜூன் தேர்வுக்கு டீச்சரோடும் பையனோடும் நானும் போயிருந்தேன். ராஜசிங்குக்கு அன்று லோடு. ஜெபசுந்தர் போட்ட கணக்கெல்லாம் சரி. ஒன்றை மட்டும் தொடவே இல்லை. நேரம் இருந்ததே, ஏன் விட்டாய் என்று தலைமை ஆசிரியை கேட்டார். மற்றதையெல்லாம் செக் பண்ணிக்கொண்டிருந்தேன் என்றான். அந்த அம்மாள் அவனையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏழாம் வகுப்பு என்று எழுதினார்.

ஏழாம் வகுப்பு மாடியில் இருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. ஆறாம் வகுப்பு கீழே, சமதரையில். பையன் ஒரு காலை இழுத்துத்தான் நடந்தான். தூக்கிவிட ஆள் கூப்பிடட்டுமா என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

"வேண்டாம் மிஸ். ஏறுவான்" என்றார் டீச்சர்.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவன் ஏறினான். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். கீழே நின்ற டீச்சர் முந்தானையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். அவர் கால் ஒரு படி முன்னால் போய்விட்டது. அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேலே வராந்தாவில் பழைய கூட்டாளிகள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும் சத்தம் கேட்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.