பொட்டு வைத்த கொக்கி

பேட்டையில் எனக்கு ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. முடிந்த சாமான் வெளியே போகுமுன் சந்தனம் தொட்டு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவேன். பொட்டு இருந்தால் எடுத்துப் போகலாம் என்பது வாடிக்கைக்காரர்களுக்குத் தெரியும்.

போன பொருட்காட்சியின்போது ராட்டினக்கார அண்ணாச்சி ஒரு கொக்கியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஏறும் டிராகன் ரயிலின் கடைசிப் பெட்டியை இழுக்கிற கொக்கி, நடுவில் ஒடிந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு துண்டும் தற்காலிகமாகச் சேர்ந்து நிற்க நாலு இடத்தில் டாக் என்கிற புள்ளி வெல்டிங் மட்டும் அடித்தேன், கரண்டு போய்விட்டது. முழு வெல்டிங் அப்புறம் என்று மேஜைமேல் வைத்து, சாவியை வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு கேட் மாட்டுவதற்காகப் பாபநாசம் பஸ் ஏறினேன்.

மறுநாள் சாயங்காலம் நான் வீடு திரும்பியதும் ஐந்து வயது மகள் பொருட்காட்சிக்கு இழுத்தாள். அங்கே அவள் கை நீட்டிக் காட்டியது ராட்சத ராட்டினத்தை. எனக்குச் சந்தோஷம். ராட்டினம் என்றால் வயிறு கலங்க வேண்டும், பயமில்லாமல் ஆட வீட்டுத் தொட்டிலே போதும் என்பது என் கட்சி. என் மனைவி விடவில்லை.

"பச்சப்பிள்ளைய அதுல ஏத்தணும்ங்கியளே, பயந்து காய்ச்சல் வந்தா யாரு பாக்க? அந்தக் குட்டி ரயிலு போதும்."

ராட்சத ராட்டினத்தில் ஒருவன் ஒவ்வொரு தொட்டிலாகக் கம்பியை இழுத்து, போல்ட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். குட்டி டிராகன் ரயிலை ஓட்டுகிறவன் செல்போனில் இருந்தான். அங்கே யாரும் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. அது எனக்கு என்னவோ போலிருந்தது, ஆனாலும் கடைசிப் பெட்டிக்கு அண்ணாச்சி வேறு கொக்கி மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மகள் கடைசிப் பெட்டிக்கு ஓடினாள்.

ரயில் கிளம்பியது. மேடு ஏறும்போதெல்லாம் கடைசிப் பெட்டி 'டக்' என்று பின்வாங்கியது. முதல் சுற்றில் மகள் கையாட்டினாள், நானும் ஆட்டினேன். இரண்டாவது சுற்றில் அந்தப் பெட்டிக்கு முன்னால் சிவப்பாக ஒன்று தெரிந்தது. குங்குமப் பொட்டு.

"பட்டறைக்குப் போனியா?" என்றேன் மனைவியிடம்.

"நேத்து வெள்ளிக்கிழமைல்லா. சாமி கும்பிட்டுட்டு எல்லா இரும்புக்கும் பொட்டு வச்சேன். அண்ணாச்சி வந்து, பொட்டு வச்சாச்சே, வேலை முடிஞ்சிட்டுன்னு எடுத்துட்டுப் போயிட்டாவ."

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ஒலிபெருக்கிப் பாட்டில் ஒன்றும் எடுபடவில்லை. வேலியைத் தாண்டி விழுந்து, எழுந்து ஓடி, மெயின் சுவிட்சை இழுத்தேன். ரயில் மேட்டிலேயே நின்றது. மகளைத் தூக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளையும் இறக்கினேன். பிறகு கொக்கியைப் பிடித்துத் திருகினேன். மூன்று டாக் ஏற்கெனவே விட்டிருந்தது. நாலாவது என் கையோடு வந்தது. பெட்டி காலியாகப் பின்னால் உருண்டு போய்ச் சரிந்தது.

அண்ணாச்சி ஓடிவந்தார். என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"பயப்படாதீரும்வே. நேத்து சாயங்காலத்துலேருந்து ஓடுது. எத்தனை பிள்ளைய ஏறி எறங்கியாச்சு, ஒண்ணும் ஆகலையே!"

மனைவி மகளை இறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலிக்கு வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகள், ரயில் மறுபடி எப்போது ஓடும் என்று என்னிடம் கேட்டார்கள்.