மீசை எடுத்த காரணம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற அந்த லாட்ஜில் முத்துக்குமரனிடம் சாவி வாங்காமல் யாரும் மாடி ஏற முடியாது. வாலிபத்தில் உட்கார்ந்த நாற்காலி, இன்னும் அதே மேசைக்குப் பின்னால்தான். தலைமுடி எப்போதோ கழன்றுகொண்டது. அதற்கு ஈடு கட்டுவதுபோல மீசை மட்டும் கன்னம் வரைக்கும் தழைத்துக் கிடந்தது. அறை கேட்டு வருகிறவர்கள் மீசையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேச யோசிப்பார்கள். ஆளோ பரம சாது.

கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சி அழகம்மாளை முதலில் கரையேற்றிவிடலாம் என்றார்கள். அவளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த கையோடு அப்பா கண்ணுச்சாமி போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் இவனுக்கும் ஒரு பெண் பார்க்க வேண்டும் என்பதைச் சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து சௌகரியமாக மறந்துபோனது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டு அறை வீட்டில், அவனும் அம்மா தங்கப்பொண்ணும் மட்டும். மகனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எப்போதும் ‘ராசா’தான்.

அந்த அம்மாளுக்கு மறதி வந்தது. அடுப்பில் வைத்த பாலை மறந்தவள், போகப்போக ஒண்ணுக்கு வந்தால் எழுந்து போக வேண்டும் என்பதையே மறந்தாள். கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. எதிரே நிற்பது யாரென்று கையால் தடவித்தான் தெரிந்துகொள்வாள்.

பக்கத்து வீட்டு மலையம்மாள் இருந்தவரைக்கும் பிரச்சினை இல்லை. காலையும் மாலையும் வந்து கழுவித் துடைத்து, துணி மாற்றிவிட்டுப் போவாள். அவள் உள்ளே போனதும் முத்துக்குமரன் சந்து முனைக்குப் போய் நின்றுகொள்வான். அம்மாவின் முழங்காலைக்கூட அவன் பார்த்தவனில்லை. மகளின் பிரசவத்துக்கென்று சோழவந்தான் போன மலையம்மாள், பேரன் முகத்தைக் கண்டதும் அங்கேயே தங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற இடத்தில் சொல்லி வைத்ததில் ஒருத்தி வந்து மறுநாளே நின்றுகொண்டாள். இன்னொருத்தி வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டாள். பேம்பர்ஸ் கட்டிவிட்டால் தங்கப்பொண்ணு அதைப் பிய்த்துக் கட்டிலைச் சுற்றிப் பஞ்சாகப் பறக்கவிட்டாள்.

இனி அவன்தான் என்று ஆயிற்று. லாட்ஜில் கழித்துப்போட்ட பெட்ஷீட்டுகளைக் கேட்டு வாங்கிவந்து மடித்து ரப்பர் ஷீட்டின்மேல் விரித்தான். வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, நனைந்த சேலையில் கை வைத்தான்.

“எவன்டா நீ? பொம்பள சேலைல கைய வைக்கிற?” என்று அலறினாள் அம்மா. “என் மகன் வேலைக்குப் போயிருக்கான். வரட்டும். ஒன்னய வெட்டிப் போட்டுருவான்!”

“அம்மா, நான்தாம்மா.”

“ஆருக்குடா அம்மா? ராசா, ஓடியாடா ராசா!”

மகனிடமிருந்து காப்பாற்றச் சொல்லி மகனையே கூப்பிட்டாள். காலால் உதைத்தாள். முழங்கையில் கடித்தும் வைத்தாள். ஈரத்தோடு கிடக்க விட்டுவிட்டு அவன் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டான். இதைப் போய் யாரிடம் சொல்வது? லாட்ஜில் சொன்னால் சிரிப்பார்கள். தங்கச்சியிடம் சொன்னால் “ஏதாவது ஹோம்ல விட்டுருண்ணே” என்பாள். அதை ஏற்கெனவே சொல்லியும்விட்டாள்.

அந்த வாரமே இடுப்புக்குக் கீழே தோல் வெந்து புண்ணாகியது. குளிர்காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றிக் கூட்டிவந்தான். “யூரின் இன்ஃபெக்‌ஷன். மறுபடி இப்படி ஈரத்துலயே கிடந்தாங்கன்னா காப்பாத்த முடியும்னு நான் சொல்ல மாட்டேன். எப்படியாவது சுத்தமா வச்சுக்குங்க” என்றார் டாக்டர். அவருக்கென்ன, எப்படியாவது என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அந்த ‘எப்படியாவது’ தானாக வந்தது. ஒருநாள் வாடை தாங்காமல் துண்டைத் தலையைச் சுற்றி, மூக்கும் வாயும் மறையக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குப் போனான். சொந்தத் தாயிடம் போக மூக்கைக் கட்டுகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அம்மா கையை நீட்டி அவன் தலைத்துணியைத் தடவினாள். “ஏத்தா, அழகம்மாவா?” என்றாள். அவன் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தான். “தண்ணி சூடாத்தான இருக்கு?” என்று கேட்டுவிட்டு, இத்தனை நாள் உதைத்தவள் இடுப்பைத் தூக்கிக் கொடுத்தாள். அவன் கழுவினான், துடைத்தான், மருந்து தடவினான். ஈரம் போன சுகத்தில் அவள் அப்படியே தூங்கிப்போனாள்.

இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் துண்டு நழுவிவிட்டது. மகளின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சலாமென்று நீட்டிய கையில் மீசை தட்டுப்பட்டதும் தங்கப்பொண்ணு போட்ட கூச்சல் சந்து முனை வரைக்கும் கேட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் முத்துக்குமரன் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றான். மீசையை அப்பா செத்ததற்கு எடுத்தது, அதோடு சரி. பிறகு பிளேடை எடுத்தான்.

மறுநாள் காலையில் தோளில் துண்டோடு பால் வாங்க வந்தவனை டீக்கடை மொக்கையன் பார்த்தார். தலை ஏற்கெனவே வழுக்கை, இப்போது மீசையும் இல்லை. போதாததற்குத் தூக்கமில்லாத கண் சிவந்துகிடந்தது. அந்தப் பக்கத்து ஆண்பிள்ளை தாய்தகப்பன் போனால் ஒழிய மீசையில் கை வைக்க மாட்டான். இழவு வீட்டுக்காரனிடம் இழவா என்று எப்படிக் கேட்பது? மொக்கையன் கேட்கவில்லை. சந்துக்குள் பந்தலைக் காணோமே, ஃப்ரீசர் பெட்டியைக் காணோமே என்றாவது யோசித்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற தங்கப்பொண்ணின் தம்பி அழகுபாண்டிக்குப் போனைப் போட்டார். அவரும் துக்கத்தில் இருக்கிறவனைக் கூப்பிட்டு விசாரிப்பது முறையில்லை என்று நேராக ஜவுளிக்கடையைத் திறக்கச் சொல்லி, அக்காமேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்தார்.

பத்து மணி சுமாருக்கு ஒரு வேன் வந்து நின்றது. மாலையோடு ஆண்கள் இறங்கினார்கள். பெண்கள் சந்து முனையிலேயே முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தார்கள். அலசிய பெட்ஷீட் வாளியோடு முத்துக்குமரன் வெளியே வந்தான்.

“எங்கக்கா எங்க மாப்ள?” என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதார் அழகுபாண்டி.

“உள்ள. தூங்குது, மாமா.”

அழுகை பொட்டென்று நின்றது. பெண்கள் முடியைக் கொண்டை போட்டார்கள். மாலையை ஒருவன் ஓடிப்போய் வேன் சீட்டுக்கடியில் திணித்தான். கோடிச் சேலையை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அழகுபாண்டி கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“ஏன் மாப்ள மீசைய எடுத்த?”

“அரிச்சுச்சு மாமா.”

தங்கப்பொண்ணு படுக்கையில் விழுந்த இந்த இரண்டு வருடத்தில் அந்த வாசலை மிதிக்காதவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தார்கள். உயிரோடு கிடந்தவளைப் பார்க்க ஒரு சைக்கிள்கூட வரவில்லை, செத்தாள் என்றதும் வேன் வருகிறது. முத்துக்குமரனுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கூடவே, வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்றும் வந்தது. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று. மொக்கையன் கடையிலிருந்து எல்லோருக்கும் டீ வரவழைத்தான். மெதுவாகக் குடிக்கட்டும் என்றிருந்தது.

விழித்துக்கொண்ட தங்கப்பொண்ணிடம் ஒரு பெண் குனிந்து கேட்டாள். “ஒங்கள ஆரு மதினி பாக்குறா?”

“என் மக அழகம்மாதான். பச்சப்புள்ளைக்குச் செய்யிற மாதிரி செய்யிறா.”

“மகன்?”

“அவன் எங்க? எட்டிக்கூடப் பாக்கல.”

பெண்கள் திரும்பி அவனைப் பார்த்தார்கள். இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தான். அம்மாவின் காது நன்றாகவே கேட்கும். சொன்னால் சாயங்காலம் யார் கழுவுவது? டீக் கிளாஸ்களைப் பொறுக்கினான். “திருப்பூர்லருந்து அது வந்து வந்து பாத்துட்டுப் போகுது போல. பாவம் அழகம்மா” என்று பேசிக்கொண்டே வேன் ஏறினார்கள். அழகுபாண்டி சேலையைத் திரும்பக் கொண்டுபோனார்.

வேன் போனபின் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டதுபோல இருந்தது.

சாயங்காலம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெந்நீரோடு போனான். அம்மா கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சமர்த்தாக ஒருக்களித்துக்கொண்டாள். புண் ஆறிக்கொண்டு வந்தது. பயந்த அளவுக்கு இல்லை. அதைப் பார்த்து அவனுக்கு மனசு லேசானது.

“ஏத்தா, இன்னைக்கு அம்புட்டுச் சனம் வந்துச்சே. அவன் வந்தானா?”

“ஆரு?” என்றான், குரலைத் தணித்து.

“என் ராசாதான்.”

இதோ இருக்கேன் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

“வந்துச்சு” என்றான்.

தங்கப்பொண்ணு பதறிப்போய்ச் சேலையை இழுத்துக் காலை மூடினாள். “ஐயையோ! இந்தக் கோலத்துலயா பாத்தான்?”

“இல்ல. வாசல்லயே நிப்பாட்டிட்டேன்.”

“நல்ல வேல செஞ்ச, ஆத்தா.” அவள் கை அவன் கையைத் தேடிப் பிடித்தது. “அவன உள்ள விட்டுறாத. நான் சாகுற மட்டும் விட்டுறாத. பாத்தா தாங்க மாட்டான்.”

“விடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, முத்துக்குமரன் அவளை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தான்.