எங்கள் சுங்கை பாஸாகிவிட்டது

இன்று எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே இலவசத் தண்ணீர்ப் பரிசோதனை. நடத்தியவள், ஆற்றைக் காப்பாற்றும் குழு ஒன்றிலிருந்து வந்த பெண். லோரி பட்டறைக் கழிவோடு பின்னால் சின்ன ஆறாக ஓடுகிறதே அந்தச் சுங்கை, அதிலிருந்து வீட்டுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

இலவசமாம். அதுவும் எங்கள் பூச்சோங்கில்!

போன தடவை இப்படித்தான் ஒருவன் வந்தான். எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு, அதைத் தே தாரேக் டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்தான். பயந்துபோய் மாடியே அவனிடம் ஃபில்டர் வாங்கியது.

அதனால் பக்கத்து வீட்டு சரோஜா ஆன்டி இந்த முறை உஷார். பாட்டிலில் ஃபில்டர் தண்ணீரையே பிடித்து வந்திருந்தார். "இத எப்படி கலர் மாத்துறான்னு பாப்போம் லா."

நானும் அதையேதான் செய்திருந்தேன். வரிசையில் எல்லார் கையிலும் பளிச்சென்ற பாட்டில்.

அந்தப் பெண் மருந்துச் சொட்டு விட்டாள். ஒன்றும் நிறம் மாறவில்லை.

"ஆன்டி, சுங்கையிலதானே எடுத்தீங்க? இது நாம குடிக்கிற ஆத்துலதான் போய்ச் சேருது. மோசமா இருந்தா கம்ப்ளேன் போடலாம்னு வந்தேன்."

"இப்பத்தாம்மா மொண்டுட்டு வரேன்." வரிசையே தலையாட்டியது.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஆன்டியின் காதில் கேட்டேன்.

"பேசாம இரு. சொன்னா உடனே ஃபில்டர வெளிய எடுப்பா."

அவள் எதையும் எடுக்கவில்லை. 'சுத்தம்' என்று எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாற்றம் தாங்காமல் சன்னலைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன். உங்கள் ஏரியா சுங்கையும் பாஸா?